எது சுலபம்?

பதினெட்டு வயதில் பிசிக்ஸ் சேர்ந்து பாதியில் விட்டவள் பூங்கோதை. முப்பத்தாறு வயதில், வீட்டில் எல்லோரிடமும் கெஞ்சிக் கூத்தாடி, மாலைக் கல்லூரியில் மறுபடி சேர்ந்தாள். இந்த முறையும் விட்டால், இன்னொரு முறை கேட்க அவளுக்கே வாய் வராது.

எந்தப் பாடம் என்று ஆறு மணிக்குள் படிவத்தில் எழுதித் தர வேண்டும். பார்த்தவர்களை எல்லாம் விசாரித்துக் குழம்பிப்போய், தாவரவியல் ஆசிரியர் செங்கோடன் முன்னால் வந்து நின்றாள். அவர் அவளைவிட நாலைந்து வயது இளையவர்.

"சார், இருக்கறதுலயே எதுங்க சுலபம்? முன்ன பிசிக்ஸ் எடுத்துத் தோத்து, பாதியில விட்டவங்க நான். எனக்குத் தாங்கற மாதிரி ஒன்னு சொல்லுங்க."

அவர் ஒரு சூரியகாந்தித் தண்டையும் பிளேடையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் அவள் முன் வைத்தார்.

"கண்ணாடியாட்டம் ஒரு வில்லை சீவுங்க. அடியில வச்ச எழுத்து தெரியோணும்."

தினமும் கூடை கூடையாகக் காய் நறுக்குகிறவளுக்கு இதென்ன பிரமாதம் என்று தோன்றியது. முதல் வில்லை பொரியலுக்கு ஆகும்போல விழுந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது. அடுத்தது ஒருபக்கம் மெலிந்து மறுபக்கம் தடித்தது. அதற்கடுத்தது கிழிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவினாள். பிளேடை நனைத்துச் சீவினாள். தண்டு தீர்ந்ததும் தானே எழுந்துபோய் இன்னொன்று எடுத்து வந்தாள். பக்கத்தில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

"மணி அஞ்சரைங்க," என்றார் செங்கோடன்.

பூங்கோதை திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கிண்ணத்தைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"ஒன்னுகூட உருப்படியா வரலீங்க சார். அப்ப இதுவும் எனக்கு ஆகாதுங்களா?"

அவர் ஊசிமுனையால் ஒவ்வொரு வில்லையாக ஒதுக்கி, நிதானமாக எண்ணினார்.

"நாப்பத்தொன்னு."

"அத்தனையும் வீணுங்க."

"இருக்கட்டும். அன்னைக்கு பிசிக்ஸ்ல எத்தனை தடவை தோத்தீங்க?"

பூங்கோதை நினைத்துப் பார்த்தாள். ஒரே ஒரு பரீட்சை. முடிவு வந்த அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தாள். பதினெட்டு வருஷமாக அந்தப் பாடத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் கிடந்த நாற்பத்தொன்றையும் மறுபடி பார்த்தாள்.

செங்கோடன் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எழுதுங்க. எதுன்னாலும் சரி."