முப்பது மடங்கு

துறைமுகம் போகிற ரோட்டில் ஜெயசீலி என்றொரு பெண் ரிக்கார்டு பிளேயர் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். வயது நாற்பது இருக்கும். அவளிடம் தொழில் படிக்க வந்தவர் சற்குணம். அவருக்கு அறுபது. முப்பது வருஷம் மைக்செட் போட்டவர். கல்யாணமோ, கோயில் கொடையோ, கட்சிக் கூட்டமோ, குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்ற மனுஷன். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அவர் வந்ததே ஒரு ரிக்கார்டுக்காக. சபையில் பன்னிரண்டு பையன்கள் சேர்ந்து பாடிய ரிக்கார்டு. அதில் ஒருவன் அவர் மகன் எபனேசர். இருபது வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டான்.

அவன் குரலைத் தனியாகக் கேட்கவென்று கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கிய வெளிநாட்டு ரிக்கார்டு ஊசி அவரிடம் இருந்தது. உள்ளே தலைமுடியை விட மெல்லிசான கம்பிச் சுருள். அது தருகிற சத்தம் எறும்பு நடக்கிற அளவுதான். அதை ஏற்றிக் கொடுக்க ஸ்டெப்-அப் என்கிற டிரான்ஸ்பார்மர் வேண்டும். உடைத்த கப்பலிலிருந்து வந்த பழைய சாமானில் ஒன்றைத் தேடி எடுத்து, பத்து மடங்குக்கு இணைத்துக் கொடுத்தாள் ஜெயசீலி.

மறுநாளே வந்து நின்றார்.

"எம் பொண்டாட்டி செல்லக்கனிக்கு அவன் குரல் தனியாக் கேட்டுச்சாம், மாஸ்டர். எனக்குக் கேக்கல. உனக்கு மனப்பிரமைன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். முகத்தத் திருப்பிக்கிட்டா. சத்தம் பத்தாது. கூட்டிக் குடுங்க."

இருபது மடங்கு கொடுத்தாள். நாலாம் நாள் திரும்பவும் வந்தார்.

"முப்பது இருக்கா?"

"இருக்கு. இரைச்சல் ஏறும். பாட்டு அமுங்கும்."

"மைக்செட்காரன்ட்டயே சத்தத்தப் பத்திச் சொல்லுதிய."

ஜெயசீலி மூலையில் கிடந்த இரண்டு பெரிய டிரான்ஸ்பார்மர்களைத் தூக்கி, கைக்கு ஒன்றாகக் கொடுத்தாள்.

"இப்ப எபனேசர்னு மெதுவாக் கூப்பிடுங்க."

அவர் கூப்பிட்டார். முக்கல்தான் வந்தது.

"ஊசி குடுக்கறது கொஞ்சம். அதுக்கு மேல இழுத்தா, பாரம் ஊசி மேலதான் ஏறும், அண்ணாச்சி."

"புரியுது. ஆனா ஒரு தடவ முப்பதையும் பாத்துருதேன்."

வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் கைக்குட்டையில் எதையோ பொதிந்து கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே அந்த ஊசி.

"ஊமையாயிட்டு, மாஸ்டர்."

"என்ன பண்ணுனிய?"

"முப்பதுல ஒரே உறுமல். பன்னெண்டு பயலுவளும் கம்பளிக்குள்ள இருந்து பாடுத மாதிரி இருந்துச்சு. ஊசிக்கு உயிர் இருக்கான்னே சந்தேகம் வந்துட்டு. மீட்டர் வச்சுப் பாத்தேன்."

அவள் கை அப்படியே நின்றது.

"எந்த மீட்டர்?"

"மைக்செட்டுக்கு வச்சிருந்தது. குழாய் ஸ்பீக்கர் சுருளு அறுந்திருக்கான்னு அதுலதான பாப்போம்."

"முள் ஆடுச்சா?"

"ஒருக்கா ஆடுச்சு. அப்புறம் ஆடல."

ஜெயசீலி கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"மீட்டருக்குள்ள பேட்டரி இருக்கு. அந்தக் கரண்ட இந்தச் சுருள் தாங்காது. உயிர் இருந்துச்சு, அண்ணாச்சி. சோதிச்சதுலதான் போயிட்டு."

சற்குணம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வேற ஊசி?"

"சாதா ஊசி இருக்கு. அதுல பன்னெண்டு பேரும் ஒரே குரலாத்தான் வருவாங்க. இந்த மாதிரி ஊசி இனி என் கைக்குக் கிடைக்காது."

"செல்லக்கனிட்ட எந்த முகத்த வச்சுச் சொல்ல?"

அவள் வேறொன்று கேட்டாள்.

"பத்து மடங்கு வச்ச அன்னைக்கு அவங்க எப்படி உக்காந்து கேட்டாங்க?"

"எப்படின்னா? தரையில உக்காந்தா. ஃபேன அமத்துனா. கண்ண மூடிக்கிட்டா."

"நீங்க?"

"நான் நாற்காலியில. புழுங்குதுன்னு ஃபேனத் திரும்பப் போட்டேன்."

சொன்ன பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார். தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இனி எம்பிள்ளை குரல் எனக்குக் கேக்கவே கேக்காதா, மாஸ்டர்?"

ஜெயசீலி செத்த ஊசியைப் பழையபடி கைக்குட்டையில் பொதிந்து அவர் கையில் வைத்தாள்.

"கேட்டவங்க வீட்டுல இருக்காங்கல்லா. அது எப்படி இருந்துச்சுன்னு அவங்கள்ட்ட கேளுங்க. மெதுவாத்தான் சொல்லுவாங்க. ஃபேன அமத்திட்டுக் கேளுங்க."