கிராவல் போட்ட ஏரிக்கரை

நித்திலாம்மாவுக்கு வயது முப்பத்தாறு. அவருடைய தியான வீட்டுக்கு வருகிறவர்களில் மூத்தவர் ஏகாம்பரம். தபால் பையோடு முப்பது வருஷம் ஏரிக்கரையில் சைக்கிள் மிதித்து ஓய்வு பெற்றவர். ஊர்க் கடிதமெல்லாம் வீடு தவறாமல் சேர்த்த மனிதருக்கு, தன் மனசில் கிடப்பதை மட்டும் யாரிடம் சேர்ப்பது என்று தெரியவில்லை. ஒரு வாரம் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, அன்று காலை கேட்டேவிட்டார்.

மகள் கற்பகத்துக்குப் பன்னிரண்டு நாளில் கல்யாணம். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருக்கும் தம்பி தணிகாசலத்துக்கு மட்டும் இன்னும் பத்திரிகை வைக்கவில்லை. இருபது வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அப்பாவுக்கு மூத்தவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அப்பா போன அன்று, தபால் கொடுக்கப் போன ஏகாம்பரம் திரும்புவதற்குள் தம்பி வைத்துவிட்டான். லேசில் ஆறுகிற புண்ணா அது? ஆனால் போன வாரம் அந்தத் தம்பியே வாசலில் வந்து நின்று, தப்பு தன்னுடையதுதான் என்று அழுதுவிட்டுப் போனான்.

"அவன் வந்து அழுத அன்னிக்கே நான் மனச ஆத்திக்கிட்டேம்மா," என்றார் ஏகாம்பரம். "பொண்ணுதான் சித்தப்பா வரக்கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிக்குது."

"சண்டை நடந்தப்ப பொண்ணுக்கு என்ன வயசு?"

"மூணு. அதுக்கு ஏம்மா இவ்வளவு கோவம்? எனக்குப் புரியவே இல்ல. அது மனச எப்படி மாத்துறது?"

நித்திலாம்மா எழுந்து போய்க் கொட்டகையிலிருந்து சைக்கிளை எடுத்து வந்தார். கரைப் பாதையைப் புதுசாகச் சரி செய்திருக்கிறார்களாமே, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். தான் அந்தப் பக்கம் போனதே இல்லை, அதனால் ஏகாம்பரம்தான் முன்னால் போக வேண்டும் என்றும் சொன்னார்.

ஏகாம்பரத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வீடு பற்றி எரிகிற மாதிரி கேட்டால், இவர் சைக்கிள் விடக் கூப்பிடுகிறாரே. ஆனாலும் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கரை அடையாளமே தெரியவில்லை. முள் வெட்டி, குழிகளைத் தூர்த்து, செம்மண் கிராவல் கொட்டி ரோலர் விட்டிருந்தார்கள். ஏகாம்பரத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பழைய குழிகள் ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். எதில் விழுந்து பல் உடைந்தது, எதில் கடிதக் கட்டு முழுக்க நனைந்தது என்று திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே மிதித்தார். மதகைத் தாண்டியதும் வலப்பக்கம் ஒடித்து நேரானார். பனைமரங்களுக்கு எதிரே இடப்பக்கம். அடுத்த வளைவில் மறுபடி வலப்பக்கம்.

பின்னால் டயர் சறுக்கும் சத்தம் கேட்டது. நித்திலாம்மா கரையின் விளிம்பு வரை போய்க் காலூன்றி நின்றிருந்தார். இன்னும் ஒரு சாண் போயிருந்தால் தண்ணீர்தான். ஏகாம்பரம் பதறிப்போய் இறங்கி ஓடினார்.

"என்னம்மா இது? பாய் விரிச்ச மாதிரி பாதை கெடக்கு. நேரா வராம எதுக்கு இப்படி ஒடிச்சு ஒடிச்சு வரீங்க?"

"எனக்கு இந்தப் பாதை தெரியாதுங்கய்யா. நீங்க ஒடிச்ச எடத்துலயெல்லாம் நானும் ஒடிச்சேன். குழி இருக்கும்னு நெனச்சேன்."

ஏகாம்பரம் வந்த வழியைப் பார்த்தார். செம்மண்ணில் இரண்டு சக்கரத் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, மதகிலிருந்து வளைந்து வளைந்து வந்திருந்தன. குழி ஒன்றுகூட இல்லை. முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. இருபது வருஷமும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது, கூடவே கற்பகத்தின் முகமும் வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

கரை முடியும் இடத்தில் தம்பியின் ஊர் தெரிந்தது. அவர் திரும்பிப் போய்த் தன் சைக்கிளை நிமிர்த்தினார்.

"இனிமே நீங்க முன்னால போங்கம்மா. நான் பின்னால வரேன்."

நித்திலாம்மா சைக்கிளைப் பாதைக்கு ஏற்றி நிறுத்தினார்.

"நீங்களே போங்கய்யா. நீங்க நேரா போனா, நானும் நேராத்தான் வருவேன்."