மண்கோடு துடைத்த வீரபாகு

ரொம்ப காலத்துக்கு முன்னால் கொன்றைநாட்டை வச்சிரசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் யாராவது ஒருவரை வேலையை விட்டு நீக்கினால்தான் அவனுக்குப் பலகாரம் இறங்கும். ஒருநாள் மாட்டியவள் மருதாயி.

மருதாயிக்கு அரண்மனையில் கரையான் பார்க்கும் வேலை. அந்த நாட்டு வழக்கப்படி, ஒரு மாளிகையில் ஆள் குடியேறுமுன் இரண்டு பேர் சோதிக்க வேண்டும். சுவர், கூரை, தரை எல்லாம் மேற்பார்வையாளர் வீரபாகுவின் பொறுப்பு. மரத்தைக் கரையான் அரித்திருக்கிறதா என்று பார்ப்பது மருதாயி. ஒரு பெண்பிள்ளையின் சொல்லுக்காகத் தான் காத்திருப்பதா என்று வீரபாகுவுக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். இளவரசி கல்யாணமாகிக் குடிபோக மேலக்கோட்டை மாளிகையைத் தயார்செய்தபோது ராஜாவின் காதில் மெல்லப் போட்டார். வீட்டைப் பார்க்கிற கண்ணுக்கு வீட்டிலுள்ள பூச்சி தெரியாதா, இதற்கு எதற்கு இரண்டு ஆள் என்றார். ராஜாவுக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. இரண்டு சோதனையும் வீரபாகுவுக்கே, மருதாயி ஊரைவிட்டே போகலாம் என்று உத்தரவாயிற்று. குறையும் இல்லை, கரையானும் இல்லை என்று வீரபாகு மறுநாளே ஓலை எழுதி நீட்டிவிட்டார்.

மூட்டையோடு மேலக்கோட்டையைக் கடந்த மருதாயி வாசலிலேயே நின்றுவிட்டாள். மேற்கு மரத்தூணில் மட்டும் அடியிலிருந்து உச்சிவரை ஒரே கோடாகப் புதுச் சுண்ணாம்பு. உள்ளே மரம் எப்படி இருக்குமோ என்று நினைத்தாள். பிழைப்புப் போனது ஒரு பக்கம், குடிவரும் இளவரசியின் தலையில் உத்தரம் விழுந்தால்? சும்மா போய்ச் சொன்னால் பொறாமையில் பேசுகிறாள் என்பார்கள். யோசித்தபடியே சபைக்குப் போனாள்.

"சாமி, போறதுக்கு முன்னால ஒரு ஆசை. ஐயா எப்படிச் சோதிச்சாருன்னு அவர் வாயாலயே கேட்டுட்டுப் போறேன். போற ஊர்ல சொல்லலாம்ல."

ராஜா தலையசைத்தான். வீரபாகுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நான் கை வைத்த இடத்தில் அழுக்குத் தங்காது. மாளிகையைத் தயார்செய்ய ஆரம்பித்தபோதே மேற்குத் தூணில் தரையிலிருந்து உச்சிவரை விரல் அகலத்துக்கு மண் ஒட்டியிருந்தது. சுரண்டித் துடைத்துச் சுண்ணாம்பு அடிக்கச் செய்தேன்."

"ஒரு தடவையோட போயிடுச்சாங்க?"

"எங்கே போயிற்று! பத்தே நாளில் அதே இடத்தில் மறுபடி மண். பூஜையறை நிலையில் இரண்டு கோடு, நடுக்கூடத்து உத்தரத்தில் நாலு. வேலைக்காரர்கள் சேற்றுக் கையைத் துடைத்திருக்கிறார்கள், மகாராஜா. மூன்று பேரை விரட்டியே விட்டேன்."

"உத்தரம் என்ன உசரம் இருக்குங்க?"

மூன்று ஆள் உயரம் என்று சொல்லும்போதே அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அவ்வளவு உயரத்தில் யார் கை துடைப்பார்கள் என்று சபையே யோசிக்க ஆரம்பித்திருந்தது.

"சாமி, நான் சோதிக்க வேண்டியதே இல்ல. கரையான் மறைஞ்சு போறதுக்குக் கட்டுற மண்பாதை அதுதான். எந்தத் தூணு, எந்த நிலைன்னு ஐயா ஒண்ணு விடாம சொல்லிட்டாரு. அது கரையான்னு மட்டும் அவருக்குத் தெரியல."

ராஜா அப்போதே எழுந்து மேலக்கோட்டைக்குப் போனான். மேற்குத் தூணில் தன் கைத்தடியால் குத்தினான். தடி அரை முழம் உள்ளே இறங்கியது. கரையான் பொலபொலவென்று அவன் பாதத்தில் கொட்டியது. மகளை நினைத்துக்கொண்டான் போலும், தலைக்கு மேலிருந்த உத்தரத்தை அண்ணாந்து பார்த்தான்.

பிறகு, மகள் தப்பினாளே என்று குஷி வந்துவிட்டது. மருதாயிக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தான். அதோடு விட்டானா, அந்த மாளிகையையே அவளுக்குப் பரிசு என்றான்.

மருதாயி கும்பிட்டாள். "ஏற்கெனவே குடியிருக்கறவங்களைக் காலி பண்ணிட்டுக் குடுங்க, சாமி."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்து வீரபாகு பக்கம் திரும்பினான். "குறையே இல்லை என்று எழுதியவர் நீர்தானே? மரமெல்லாம் மாற்றி முடிக்கும்வரை குடும்பத்தோடு நீர் இங்கேயே இரும்."

இரண்டு வேலையையும் ஒருவரே பார்க்கலாமா என்ற வழக்கு அதோடு தீர்ந்தது. குடிவந்த மறுநாள் சமையலறைச் சுவரில் ஒரு மண்கோடு தெரிந்தபோது, வீரபாகு அதில் கை வைக்கவில்லை. மேல்துண்டுகூட இல்லாமல் மருதாயி வீட்டுக்கு ஓடினார்.