ஏழாகிப்போன எழுத்து

"கண்ணெதிரே இருக்கு டீச்சர். தேடினா இல்லைங்குது."

ஆவுடையப்பன் சாரலில் நனைந்த சட்டையோடு வாசலில் நின்றார்.

தென்காசியில் வெகுகாலம் கல்யாணப் பத்திரிகைகளைக் கணினியில் கோத்துக் கொடுத்தவர். வயது அறுபது. பிலோமி டீச்சருக்கு அதில் பாதிதான் இருக்கும். டீச்சர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கணினியை வாசிக்கச் சொல்லி, காதால் கேட்டே எல்லா வேலையும் செய்வார்.

பழைய எழுத்துருவில் தட்டியதைப் புதுக் கணினிகள் படிக்கும் எழுத்துக்கு மாற்றும் வித்தையை ஆவுடையப்பன் இவரிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

"உள்ளே வாங்க, அண்ணாச்சி. எது இல்லைங்குது?"

"'எங்கே'ன்னு ஒரு சொல். முதல் வரியிலேயே இருக்கு."

"யார் எழுதினது?"

"உலகம்மா."

உலகம்மா ஆவுடையப்பனின் மனைவி. போன ஐப்பசியில் தவறிவிட்டார். கடைக் கணினியில் உலகம்மா தட்டிவைத்திருந்த கவிதைகள், புதுக் கணினியில் திறந்தபோது வெறும் கட்டங்களும் கொக்கிகளுமாக நின்றன.

"ஒவ்வொரு எழுத்தையும் உருவம் பார்த்துப் பார்த்துப் பொருத்தினேன், டீச்சர். பிரிண்டர்ல போட்டா முத்து முத்தா வருது."

தாளை நீட்டினார். டீச்சர் அதை வாங்கி விரலால் ஒருமுறை தடவினார்.

"அழகா இருக்கா?"

"ரொம்ப அழகா இருக்கு."

"சரி."

தாளை ஜன்னல் விளிம்பில் வைத்தார். சாரல் அதன்மேல் பொடிப்பொடியாக இறங்கியது. ஆவுடையப்பனின் கை தாளை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

ஆவுடையப்பன் கொண்டுவந்த பென் டிரைவைச் செருகி, டீச்சர் கணினியை வாசிக்கச் சொன்னார்.

"ஏழு... ங்கே போகிறாய் ஏழு... ன்று கேட்டது ஆறு."

டீச்சர் சிரித்துவிட்டார். ஆவுடையப்பனுக்கு முகம் வாடியது.

"அவ ஏழுன்னு எழுதலை, டீச்சர்."

"நீங்கதான் எழுதியிருக்கீங்க. நீங்க எடுத்துப் போட்டது 'எ' இல்லை, அண்ணாச்சி. அந்தக் காலத்துத் தமிழ் எண், ஏழு."

"ரெண்டும் ஒண்ணுபோலல்லா இருக்கு!"

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. நான் பார்த்ததில்லை."

ஆவுடையப்பன் உட்கார்ந்து ஏழுகளை எல்லாம் எடுத்துவிட்டு எழுத்தை வைத்தார். வெளியே மலை மேகத்துக்குள் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனது.

தேடிப் பார்த்தார்.

"கெடச்சிட்டு டீச்சர்! எல்லாம் கெடச்சிட்டு!"

"சந்தோஷம். என்ன எழுதியிருக்காங்க?"

அவர் விழித்தார்.

"எழுத்து சரியா வருதான்னுதான் பார்த்தேன்."

"அவங்க இருக்கும்போது வாசிச்சதுண்டா?"

ஆவுடையப்பன் திரையைப் பார்த்தார்.

டீச்சர் கை நீட்டி, தடவி, கணினித் திரையை அணைத்தார்.

"எனக்கு இது தேவைப்படாது. இன்னைக்கு உங்களுக்கும் வேண்டாம்."

இருண்ட திரைக்குப் பின்னாலிருந்து கணினியின் குரல் வந்தது. ஆணுமில்லை, பெண்ணுமில்லை. ஏற்றமில்லை, இறக்கமில்லை.

"எங்கே போகிறாய் என்று கேட்டது ஆறு.

தூங்குகிறவர் பக்கத்தில் உட்கார என்றேன்.

எழுப்பலாமே என்றது.

எழுப்பினால் வேலைக்குப் போய்விடுவார் என்றேன்."

குரல் நின்றது.

ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள் மேகம் வந்துவிட்டதா, கண்தான் கலங்கியதா என்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை.

"புதுசா ஒரு பிரிண்ட் போடவா, அண்ணாச்சி?"

வேண்டாம் என்று தலையசைத்தார். டீச்சருக்கு அது தெரியாதே என்று நினைவு வந்து, வாயைத் திறந்தார்.

டீச்சர் அதற்குள் முதல் வரிக்குத் திரும்பி, மறுபடியும் வாசிக்கவிட்டார்.