மூக்கை அறுத்தவன்

“என் விமானத்தோட மூக்கை அறுத்தவன் எவன்?”

காலை ஏழு மணிக்குக் கொட்டகை அதிர்ந்தது. தகரக் கூரையில் இருந்த புறாக்கள் அத்தனையும் எழும்பிப் போயின.

பதில் சொல்ல அங்கே கூட்டமா இருக்கிறது? சலோமி டீச்சர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

கத்தியவன் செங்கோடன். நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரிக்கு பாடி கட்டியவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டான். மிச்சப் பாடத்தை அடியும் உதையும் வெல்டிங் பொறியும் நடத்தி முடித்தன. நாற்பத்தாறு வயதில் ஒரு கிறுக்குப் பிடித்தது. விண்வெளிக்குப் போய், விமானம் போலத் திரும்பித் தரையிறங்குகிற ஒன்றைத் தன் கையால் செய்தே தீருவதென்று. பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, யுத்த காலத்துப் பழைய ஓடுதளத்தில் சோதனைக் கொட்டகை நடத்தும் சலோமியிடம் சீடனாக வந்து சேர்ந்தான். அவனைவிட அவர் பத்து வயது இளையவர்.

மாசக் கடைசியில் ஒரு ராக்கெட் மேலே போகிறது. அதில் ஒரே ஒரு மாதிரி விமானத்துக்குத்தான் இடம். கொட்டகைச் சோதனை உலை ஊதும் தீக்காற்றில் அறுபது விநாடி தாக்குப்பிடிப்பது எதுவோ, அது போகும்.

சோதனை இன்றைக்கு. செங்கோடனின் மாதிரி மூன்று வருஷ உழைப்பு, முழ நீளம். அதன் எஃகு ஊசி மூக்கைத்தான் எவனோ அரத்தால் ராவி மழுக்கி வைத்திருக்கிறான்.

“பாருங்க டீச்சரம்மா! வேலாட்டம் வச்சிருந்தனுங்க. இப்ப சப்பிப் போட்ட மாங்கொட்டையாட்டம் கிடக்குது.”

“எதுக்கு வேல்?”

“காத்தைக் கிழிக்க வேண்டாமுங்களா?”

“கிழிச்சா?”

“வேகமாப் போகும்.”

“கீழ இறங்குறவங்களுக்கு என்ன அவசரம் அண்ணாச்சி?”

சுருக்கென்றது. ஆனால் முதல் விலைக்குத் தலையாட்டிய பரம்பரை இல்லை செங்கோடன்.

“ஊசி தப்புன்னா, ஆதியில கனாக் கண்டவங்க எல்லாம் எதுக்குங்க ஊசியா வரைஞ்சாங்க? உங்க சுவத்துலயே தொங்குதே!”

தொங்கத்தான் செய்தது. விண்வெளி விமானம் காகிதத்தில் மட்டும் பறந்த காலத்து வரைபடங்கள். ஈட்டி, அம்பு, ஊசி.

சலோமி அதற்கு அடுத்த படத்தைக் காட்டினார்.

“இதென்னங்க, குளிக்கிற தொட்டியா?”

“இறக்கை இல்லாத விமானம். மரத்துல செஞ்சது. வறண்ட ஏரியில கார்ல கயிறு கட்டி இழுத்துப் பறக்கவிட்டாங்க.”

“கார் இழுத்தா? பறந்துச்சா?”

“பறந்துச்சு.”

செங்கோடன் கோபத்தை ஒரு நிமிஷம் கீழே வைத்தான். படத்தை ஒட்டிப் போய் நின்றான். “பலகை எத்தனை கனமுங்க? பின்பாரம் எப்படிக் குடுத்தாங்க?”

“மூக்கைப் பாருங்க.”

உருண்டையாக இருந்தது.

“முதல்ல ஊசி. அப்புறம் தொட்டி. நடுவுல என்னதானுங்க நடந்துச்சு?”

சலோமி எழுந்தார். அவன் பெட்டியைத் திறந்து, உபரியாகச் செய்து வைத்திருந்த இன்னொரு ஊசி மூக்கை எடுத்து மாட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் தீக்காற்று சீறியது.

பதினோராவது விநாடியில் நுனி வெளுத்தது.

பத்தொன்பதில் சொட்டியது.

“இதுதான் நடந்துச்சு” என்றார் சலோமி.

செங்கோடன் கண்ணாடியை ஒட்டிப் போய், சொட்டிய நுனியைப் பார்த்தான்.

“ஏனுங்க அப்படி?”

அவர் டீயைக் குடித்து முடித்து, காலி டம்ளரோடு வெளியே நடந்தார். கொட்டகைக்குப் பின்னால் மோட்டார் தண்ணீர் சிமென்ட் வாய்க்காலில் விரைந்து ஓடியது. ஒரு பென்சிலின் கூர்நுனியை ஓட்டத்துக்கு எதிரே பிடித்தார். தண்ணீர் அதை நக்கிக்கொண்டே போய் விரலை நனைத்தது.

பிறகு டம்ளரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பிடித்தார்.

தண்ணீர் டம்ளருக்கு முன்னாலேயே குவிந்தது. குவிந்து, பிளந்து, இரண்டு பக்கமும் அகலமாக ஒதுங்கிப் போனது.

செங்கோடன் குந்தினான். ஒரு வேப்பிலையை மிதக்கவிட்டான். நேராக வந்த இலை, குவியலில் ஏறி விலகிப் போனது. இன்னொன்று விட்டான். அதுவும் விலகியது. ஏழெட்டு இலை விட்டிருப்பான்.

“தொடவே மாட்டேங்குதுங்க!”

சலோமி டம்ளரைத் தண்ணீரிலிருந்து எடுத்து உதறினார்.

“அப்ப சூடும் இப்படித்தான் மூக்கைத் தொடாம ஒதுங்கி...?”

டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

செங்கோடன் பின்னாலேயே ஓடினான். ராவிய மூக்கைத் தானே மாட்டினான். தீயைத் தானே திறந்தான்.

பத்தொன்பது கடந்தது. முப்பது. நாற்பது. மூக்கு செக்கச் சிவந்தது, ஆனால் நின்றது.

நாற்பத்து மூன்றில் ஓரம் இளக ஆரம்பித்தது. பாய்ந்து தீயை அடைத்தான்.

“நாப்பத்தி மூணுங்க! ரெண்டு கூட்டி நாப்பத்தஞ்சா முடிச்சுக்கலாமுங்க. அறுபது ரொம்ப அதிகம்.”

“தீகிட்ட கேளுங்க அண்ணாச்சி. எனக்கு ஆட்சேபணை இல்ல.”

மூக்கு ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். அரம் மழுக்கியிருந்தது கட்டைவிரல் நுனி அளவுதான். அந்தத் தொட்டி விமானத்தின் படத்தைப் பார்த்தான். மறுபடி மூக்கைப் பார்த்தான்.

பிறகு சலோமியைப் பார்த்தான். அவருடைய சேலை முந்தானையில் எஃகுத் தூள் மினுங்கியது.

சோதனை நேரம் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

செங்கோடன் அரத்தை எடுத்து மேஜைமேல் ஓங்கி வைத்தான். அப்போதுதான் வந்து உட்கார்ந்த புறாக்கள் மறுபடியும் எழும்பிப் போயின.

“இந்த மூக்கை அறுத்தவங்க யாருங்களோ, எனக்குத் தெரியாது! அரைகுறையா விட்டுட்டுப் போனா என்ன அர்த்தமுங்க? இப்பவே வந்து, உக்காந்து, முழுசா அறுத்துக் குடுத்துட்டுத்தான் போகோணும்!”