இருபத்திரண்டு நாள்

“நான் லேட்டா போட்டதாலதான் எல்லாம் போச்சா? அதை மட்டும் சொல்லிடுங்கம்மா,” என்றார் வேதமூர்த்தி.

ஒரு நாளிதழில் பதினெட்டு வருடமாகத் தொழில்நுட்பப் பக்கத்தைப் பார்ப்பவர் அவர். எதிரே இருந்த ஜெசிந்தா, மருத்துவமனைகளின் நெட்வொர்க்குக்குக் காவல் இருப்பவள். அவர் மகள் வயதுதான். ஆனாலும் இந்த விஷயத்தில் அவருக்குக் குரு அவள்தான்.

கடைகளிலும் கிளினிக்குகளிலும் மாட்டியிருக்கும் ஒரு ரூட்டரில் பாதுகாப்பு ஓட்டை. அந்தச் செய்தி அவர் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்தின வியாழக்கிழமையே எவனோ ஒரு ஸ்கேன் சென்டருக்குள் அதன் வழியாகப் புகுந்து, பன்னிரண்டு வருடப் படங்களை அழித்துவிட்டுப் போய்விட்டான். அங்கிருந்த டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. போனில் அழுதார்.

“ஓட்டை உங்களுக்கு எப்ப தெரியும், சார்?”

“செய்தி வர்றதுக்கு இருபத்திரண்டு நாள் முன்னாடி. நீங்கதானே மெயில் போட்டீங்க.”

“அப்புறம்?”

“கம்பெனிகிட்ட விளக்கம் கேட்டோம். வரலை. சரி, இங்கிலீஷ் நியூஸ் ஏஜென்சி முதல்ல போடட்டும்னு இருந்தோம். அவங்க போட்ட அன்னிக்கே மொழிபெயர்த்துட்டோம்.”

‘அன்னிக்கே’ என்றபோது குரலில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப்பார்த்தது. பாழாய்ப்போன பழக்கம். அவருக்கே வெட்கமாகிவிட்டது.

“அந்த டாக்டர் எங்க பேப்பரைத் தவிர வேற எதுவும் படிக்கிறதில்லையாம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தூக்கமே வரலைம்மா. இன்னொரு தடவை இப்படி நடந்தா நான் தாங்க மாட்டேன். என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

ஜெசிந்தா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

“வாசல்ல மாட்டுற கேமரா ஒண்ணுல ஓட்டை. இன்னிக்குக் காலையில உறுதியாச்சு. செட்டிங்ல ஒண்ணே ஒண்ணை அணைச்சா போதும், யாரும் உள்ளே வர முடியாது. நானே சோதிச்சுப் பார்த்துட்டேன். எழுதுங்க.”

வேதமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எல்லாம் புரிந்தது. எங்கேயும் சந்தேகம் இல்லை.

பேனாவைத் திறந்தார். முதல் வரியும் நன்றாகத்தான் வந்தது.

இரண்டாவது வரியில் கை நின்றது.

“ஏம்மா, இதை வேற யாராவது போட்டிருக்காங்களா?”

அவள் லேப்டாப்பை மூடினாள்.

“இல்லை சார். போட்டதும் சொல்றேன்.”