அறுநூறு அடி

மேகத்துக்குள் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பல் டாக்டர் பூவராகனுக்கு, ஆசிரியை செலினைவிட வயதும் அதிகம், வாயும் அதிகம். முதல் நாள் அவளிடமே, "கேப்டன் எங்கம்மா?" என்று கேட்டார்.

"நான்தான். ஏறுங்க."

வெயிலில் ஓட்டுவதற்கான உரிமம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. இந்தப் பாடம் வேறு. செலின் அவர் நெற்றியில் ஒரு மறைப்பை மாட்டிவிடுவாள். வெளியே ஒன்றும் தெரியாது, எதிரே உள்ள கருவிகள் மட்டும் தெரியும். அவற்றைப் பார்த்தே ஓடுதளத்தை நோக்கி இறங்க வேண்டும். அறுநூறு அடியில் அவள் "பாருங்க" என்றால் மறைப்பைத் தூக்கிவிட்டுத் தரையிறங்கலாம். அவள் பேசாவிட்டால் ஓடுதளம் தெரியவில்லை என்று கணக்கு. மேலே ஏறித் திரும்பிவிட வேண்டும்.

அவள் பேசியதே இல்லை.

"நான் இறங்கக் கத்துக்க வந்தேன் மேடம். நீங்க ஏறத்தான் சொல்லிக்குடுக்குறீங்க."

"இறங்கத்தான் உங்களுக்குத் தெரியுமே."

"அறுநூறுல தெரியாதது ஐந்நூத்தம்பதுல தெரியலாமில்லையா? அம்பது அடியில என்ன முழுகிடப் போகுது?"

செலின் மறைப்பை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை அறுநூறு வந்தது. அவள் பேசவில்லை. அவர் ஏறவில்லை. ஐந்நூறு. நானூறு. ஹெட்போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. இதோ சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தார். இருநூறில் அவள் விமானத்தை மேலே இழுத்து, அவர் மறைப்பைப் பிடுங்கினாள். இடது இறக்கைக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி நழுவியது. ஓடுதளம் எங்கோ வலப்பக்கம் கிடந்தது.

"ஏன் சொல்லல?" என்றார்.

"ஏன் இறங்கிக்கிட்டே போனீங்க?"

"நீங்க சொல்லுவீங்கன்னுதான்."

"அதான் சொல்லல."

தேர்வில் தேறியதும் அவர் மகள் நித்திலாவுக்குப் போன் செய்தார். மனைவி இறந்த பிறகு மகள் அவரோடு பேசுவதில்லை. அவள் பட்டமளிப்புக்கு வருகிறேன் என்றவர் கிளினிக்கில் இருந்தார். கல்யாணத்துக்கும் தாலி கட்டி முடிந்த பிறகுதான் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை உங்க ஊருக்கே பறந்து வரேன்."

"ஏர்போர்ட் வேலிக்கிட்ட நிக்கிறேன். வந்து இறங்குங்க, அப்புறம் பேசலாம்," என்றாள் அவள்.

ஞாயிறன்று அந்த ஊர்மேல் மேகம் கவிந்திருந்தது. அவர் உள்ளே நுழைந்தார். மேலே வெள்ளை, கீழே வெள்ளை. இன்ஜின் சத்தத்தைத் தவிர உலகத்தில் ஒன்றும் மிச்சமில்லை. அறுநூறு அடியில் தலையைத் தூக்கிப் பார்த்தார். அங்கேயும் வெள்ளை.

நேர் கீழே எங்கோ மகள் அண்ணாந்து நின்றிருப்பாள். அவர் பழக்கதோஷத்தில், செலின் உட்காரும் வலப்பக்க சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே மகளுக்காக வாங்கிய பால்கோவா பெட்டி, பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவர் மேலே ஏறினார்.

வெயில் அடித்த இன்னொரு ஊரில் இறங்கிப் போனைத் திறந்தபோது, மகளின் செய்தி வந்திருந்தது: "இந்தத் தடவை சத்தமாவது வந்துச்சு."

விமானத்தின் நிழலிலேயே உட்கார்ந்து செலினைக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னார்.

"அம்பது அடி இறங்கியிருந்தா தெரிஞ்சிருக்கும் மேடம்."

"தெரிஞ்சிருக்கலாம்."

"இப்ப டாக்சி பிடிச்சா பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம். அவ கதவைத் திறப்பாளா? சொல்லிட்டுப் போகவா, சொல்லாமலே போய் நிக்கவா? இல்ல, மேகம் கலையட்டும்னு இங்கேயே இருக்கவா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

போனில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சை அவருக்குத் தெரியும். மடியில் பால்கோவா பெட்டியோடு காத்திருந்தார்.

"டாக்டர்," என்றாள் செலின் கடைசியில். "பக்கத்து சீட்டுல நான் இல்ல."